அப்பாவின் மாத்திரைகளை எங்கே போடுவது? தண்ணீரில் கலக்கும் மருந்து பற்றி ஒரு கேள்வி

உறையூர்_வாணி (இழையைத் தொடங்கியவர்)

அப்பா தவறி நாற்பது நாள் ஆகிறது. நேற்றுதான் அவருடைய அலமாரியைத் திறக்க மனசு வந்தது. உள்ளே இரண்டு செருப்புப் பெட்டி நிறைய மாத்திரைகள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அட்டனலால், முகத்தில் நரம்பு இழுக்கும் வலிக்கு கார்பமசெபைன், பாதி தின்று நிறுத்திய சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டை ஒன்று, வலி மாத்திரைகள் கணக்கில்லாமல்.

"எல்லாத்தையும் பிரிச்சு டாய்லெட்டில் கொட்டி ஃப்ளஷ் பண்ணிடுக்கா" என்றான் தம்பி. கையில் எடுத்தும் விட்டேன். அப்போதுதான், காவிரியில் மருந்துப் பொருட்கள் இருப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வு சொன்ன செய்தி ஞாபகம் வந்தது. நாங்கள் குடிப்பதும் காவிரிதான். கம்பரசம்பேட்டையிலிருந்து வரும் தண்ணீர்.

எனக்கு இரண்டு கேள்வி. இந்த மாத்திரைகளை என்ன செய்வது? ஆறு வயதுப் பெண் இருக்கிறாள், அவளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_சேலம்

அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது அக்கா. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்.

ஃப்ளஷ் பண்ணாதீர்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஃப்ளஷ் பண்ணச் சொல்லி அதில் இருப்பது 17 மருந்துகள் மட்டும்தான். பெரும்பாலும் பென்டனில், டிரமடால் மாதிரி கடுமையான வலி நிவாரணிகள். குழந்தையோ வீட்டு நாயோ தவறி விழுங்கினால் ஒரே மாத்திரையில் உயிர் போகலாம் என்பதால் அந்த விதிவிலக்கு. நீங்கள் பேர் சொன்ன நான்கில் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வலி மாத்திரைகளில் டிரமடால் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மற்றதை என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்தை "வீட்டு அபாயக் கழிவு" என்று வகைப்படுத்தின. பெயின்ட் டப்பா, டியூப் லைட், பேட்டரியோடு சேர்த்துத் தனியாக வாங்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை. நடைமுறையில் எத்தனை ஊரில் அப்படி வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் கடையில் காலாவதியான சரக்கை ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுத்துக்கொள்வார். வீட்டில் இருப்பதை யாரும் எடுக்க மாட்டார்கள். கேரளாவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2025இல் கோழிக்கோட்டில் வீட்டு மருந்துகளைச் சேகரிக்க ஆரம்பித்தது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் என் கடை வாசலில் பெட்டி வைக்க நான் தயார்.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். அட்டைகளைக் கத்தரியால் குறுக்கே வெட்டுங்கள். அட்டை முழுசாக இருந்தால் யாராவது எடுத்துத் திரும்ப விற்றுவிடுவார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாத்திரைகளைப் பழைய டீத்தூளோடு பிசைந்து, இறுக்கி மூடிய டப்பாவில் போட்டு, மேலே "காலாவதி மருந்து" என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையிலேயே தனியாகக் கொடுங்கள்.

முசிறி_கரை

அப்போ குடிக்கிற தண்ணீருக்கு என்ன வழி? ஆர்.ஓ. போட்டால் போதுமா? எங்கள் தெருவில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். அம்மா "நல்லாக் கொதிக்க வெச்சா எல்லாம் போயிடும்" என்கிறாள்.

கல்ச்சர்_தட்டு

மதுரையில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வாணி அக்காவின் இரண்டாவது கேள்வியையும் முசிறிக்காரர் கேட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. ஆர்.ஓ. பெரும்பாலான மருந்து மூலக்கூறுகளைத் தடுத்துவிடும். ஆனால் தடுத்ததைக் கழிவு நீரில் சேர்த்து அதே சாக்கடைக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. உள்ளாட்சியின் படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் எல்லாம் சேற்றையும் கிருமியையும் எடுப்பதற்காக வந்தவை. மருந்துக்காக வந்தவை அல்ல. கார்பமசெபைன் அத்தனையையும் தாண்டி வரும், அதனால்தான் உலகம் முழுக்க ஆறுகளில் அது கிடைக்கிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு 104 நாடுகளில் 1,052 இடங்களில் ஆற்று நீர் எடுத்துப் பார்த்தது. அடிக்கடி அகப்பட்டவை கார்பமசெபைன், மெட்ஃபார்மின், காஃபின். உங்கள் அப்பா அலமாரியில் இருந்ததில் இரண்டு அதில் இருக்கிறது அக்கா.

இவை ஆற்றுக்குப் போவது யாரோ ஃப்ளஷ் பண்ணுவதால் மட்டும் இல்லை. அட்டனலாலும் மெட்ஃபார்மினும் உடம்பில் பெரிதாக மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகின்றன. கோடிக்கணக்கான பேர் தினமும் சாப்பிடுகிறோம். சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுகிற ஊர்களில் வேறென்ன நடக்கும்?

ஆனால் பயத்துக்கு ஓர் அளவு வேண்டும், அதனால் ஒரு கணக்கு போடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மருந்து 100 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம்). ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை அளவு உள்ளே போக 50 லட்சம் லிட்டர் குடிக்க வேண்டும். நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் ஆறாயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல். உலக சுகாதார நிறுவனமும் 2012 அறிக்கையில், குடிநீரில் இருக்கும் இந்த நுண் அளவுகளால் மனிதர்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் சொன்னது. உங்கள் பெண்ணுக்குத் தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்துக் கொடுங்கள். தைரியமாகக் கொடுங்கள்.

உறையூர்_வாணி

நன்றி. ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கரிகாலன்_க

அப்போ ஏன் இவ்வளவு பேச்சு? ஆபத்தே இல்லை என்று முடித்துவிடலாமே. மருந்து சாப்பிடாமல் இருக்க முடியுமா?

கல்ச்சர்_தட்டு

இல்லை அண்ணா, நான் அப்படிச் சொல்லவில்லை. குடிக்கிற மனிதருக்கு ஆபத்து குறைவு என்றுதான் சொன்னேன். அதே தண்ணீரில் வாழ்கிற உயிருக்கு அப்படி இல்லை.

கனடாவில் ஏரி எண் 260 என்று ஒன்று. ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரி. 2001 முதல் 2003 வரை கோடைக்காலங்களில் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோனை லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். சின்ன மீன் இனம் ஒன்றில் ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, இனப்பெருக்கம் நின்று, அந்த இனமே ஏரியில் கிட்டத்தட்ட அழிந்துபோனது. நான் மேலே கணக்குக்கு எடுத்த 100 நானோகிராமில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் அது.

அதைவிட எனக்கு அடிவயிற்றில் பயம் தருவது கிருமிகள். தினம் காலையில் நான் செய்கிற வேலை இது. நோயாளியின் சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை என்ற குடல் கிருமியை அகார் என்ற ஜெல்லித் தட்டு முழுக்கத் தடவி, மேலே சின்ன வட்டக் காகிதங்களாக ஆன்டிபயாடிக் வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் இருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிப்ரோவைச் சுற்றி அகலமான வளையம் வரும். இப்போது நிறைய தட்டுகளில் சிப்ரோ காகிதத்தின் விளிம்பு வரைக்கும் கிருமி படர்ந்திருக்கிறது. அளக்க ஒன்றுமில்லை, ஸ்கேலைக் கீழே வைத்துவிடுவேன்.

இதற்கு முதல் காரணம் டாக்டர் சீட்டு இல்லாமல் நாமே வாங்கித் தின்பது. சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீரும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் கலந்த சாக்கடையில் எதிர்ப்புள்ள கிருமிதான் பிழைக்கும். அது தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றியும் கொடுக்கும், பக்கத்துக் கிருமி வேறு இனமாக இருந்தாலும். கடைசி ஆயுதமான ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற மரபணு பற்றி 2010இல் உலகத்துக்கே எச்சரிக்கை கொடுத்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் உண்டு. அடுத்த வருடமே டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீர் 171 மாதிரியில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரியில் 2இலும் அதே மரபணு கிடைத்தது. காலரா கிருமிக்குள்ளும் இருந்தது.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதனால் முடித்துவிட முடியாது அண்ணா.

பழைய_கெமிஸ்ட்

இந்த இழையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் விருதுநகர்க்காரன். 2000களில் ஹைதராபாத் பக்கம், படான்செரு வட்டாரத்தில், மருந்து மூலப்பொருள் செய்கிற ஓர் ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

காவிரியைப் பற்றி நானோகிராமில் பேசுகிறீர்கள். சரிதான். ஆனால் மருந்து தயாராகிற இடத்துத் தண்ணீரை வேறு அலகில்தான் பேச வேண்டும். சுமார் 90 ஆலைகளின் கழிவு நீர் படான்செருவில் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழு, சுத்திகரித்து வெளியே விடும் நீரை எடுத்துச் சோதித்து 2007இல் வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்ஸசின் லிட்டருக்கு 31,000 மைக்ரோகிராம் வரை. அதாவது 31 மில்லிகிராம். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நிலையம் நாளைக்கு வெளிவிட்டது சுமார் 15 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ சிப்ரோ. 500 மில்லிகிராம் மாத்திரையாகப் பார்த்தால் 90,000. ஸ்வீடன் நாடே ஐந்து நாளில் சாப்பிடும் அளவு.

எதிர்ப்புக் கிருமி உருவாகாமல் இருக்க சிப்ரோ லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பின்னால் விஞ்ஞானிகள் ஒரு வரம்பு சொன்னார்கள். 31,000ஐ அதால் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் நுண்ணுயிர்களை வைத்துத்தான் கழிவைச் சிதைப்பார்கள். ஆலைக் கழிவில் மட்டும் அவை பிழைக்காது என்பதால் வீட்டுச் சாக்கடை நீரையும் கலந்தார்கள். கல்ச்சர்_தட்டு, நீங்கள் இதை யோசித்துப் பாருங்கள். மனிதக் குடலிலிருந்து வந்த கிருமி, அதோடு டஜன் கணக்கில் மருந்துகள், காற்று ஊதிக் கலக்கும் தொட்டி.

கல்ச்சர்_தட்டு

படித்ததும் உடம்பு சிலிர்க்கிறது ஐயா. எதிர்ப்புக் கிருமியை வளர்க்க வேண்டும் என்று நானே லேபில் ஏற்பாடு செய்தாலும் இப்படித்தான் செய்வேன்.

முசிறி_கரை

அங்கே விவசாயம் இருந்ததா? அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

பழைய_கெமிஸ்ட்

இசகவாகு என்று ஓர் ஓடை. தெலுங்கில் இசுக்க என்றால் மணல், வாகு என்றால் ஓடை. அதிலிருந்து நக்கவாகு, மஞ்சீரா, கடைசியில் கோதாவரி. படான்செரு என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது, செருவு என்றால் ஏரிதான். அந்த வட்டாரத்து இரண்டு ஏரிகளிலும், ஆறு கிராமங்களின் கிணறுகளிலும் மருந்துகள் இருந்ததை அதே குழு 2009இல் காட்டியது. ஏரி நீரில் சிப்ரோ லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை. கிணற்றுத் தண்ணீரில் சளி, அரிப்புக்குச் சாப்பிடும் செட்டிரிசினும் இருந்தது.

விவசாயம் செய்தவர்கள் கதையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். காசிப்பள்ளிப் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், தன் நிலத்தில் கடைசியாக நெல் அறுத்த வருடத்தைச் சொல்லிக் கண் கலங்குவார். கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு என் முன்னால் வைத்தார். டீயின் நிறம். மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று வெயிலில் மின்னியது. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் எங்கள் ஆலையின் வாசனை, டொலுயீன் என்ற கரைப்பானின் வாடை. எனக்கு அந்த வாடை பழக்கம், அதனால் உடனே தெரிந்தது. ஒன்றும் பேச முடியாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சொம்பு என் நினைவில் இருக்கிறது.

படான்செருவிலேயே மருத்துவம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ் 1980களிலிருந்து கிராமத்து மக்களோடு சேர்ந்து போராடினார். 1990இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. விவசாயிகளுக்கு நட்டஈடு கொடுக்க உத்தரவு வந்தது. பிறகு, வெளியேறும் நீரைச் சுமார் 18 கிலோமீட்டர் குழாய் போட்டு ஹைதராபாத் நகரச் சாக்கடையோடு இணைத்து அம்பர்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மூசி ஆறு. இசகவாகு கொஞ்சம் மூச்சு விட்டது, மூசிக் கரையில் மாட்டுப் புல்லும் நெல்லும் வளர்ப்பவர்கள் தலையில் போய் விழுந்தது. 2016இல் ஜெர்மன் குழு ஒன்று ஹைதராபாத்தைச் சுற்றி 28 இடங்களில் நீர் எடுத்தபோது 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் கடைசி ஆயுதமான மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் இருந்தன.

கரிகாலன்_க

மூசி கிருஷ்ணாவில் சேர்கிறதே! சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர்தானே வருகிறது?

பழைய_கெமிஸ்ட்

நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பயம் வேண்டாம். சென்னைக்கு எடுப்பது ஸ்ரீசைலம் அணையிலிருந்து. அங்கிருந்து சோமசீலா, கண்டலேறு வழியாகப் பூண்டி. மூசி கிருஷ்ணாவோடு சேர்வது வாடப்பள்ளியில், ஸ்ரீசைலத்துக்கும் நாகார்ஜுன சாகருக்கும் கீழே. அந்தத் தண்ணீர் மேலே ஏறி வராது.

கிருமி அப்படி இல்லை. அதற்கு ஆற்றின் சரிவு தேவையில்லை, ஒரு ரயில் டிக்கெட் போதும். அதனால்தான் படான்செருவை உறையூர்க்காரர்கள் கேட்கிற இழையில் எழுதுகிறேன்.

தொழில்_முனைவோன்

கொஞ்சம் மறுபக்கமும் பாருங்கள். உலகில் விற்கும் ஜெனரிக் மருந்தில் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவில் இருந்து போகிறது. ஆப்பிரிக்காவில் ஏழை நோயாளி பிழைப்பது நம் மலிவு மருந்தால். வரம்பு போட்டுக் கழுத்தை நெரித்தால் ஆலை வேறு நாட்டுக்குப் போகும். படான்செருவில் பார்த்தது 2007. இப்போது பெரும்பாலான ஆலைகள் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்துவிட்டன.

பழைய_கெமிஸ்ட்

மலிவு மருந்து வேண்டும் என்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன். அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மருந்துப் படிகத்தை வடித்து எடுத்த பிறகு மிஞ்சும் திரவத்தை மதர் லிக்கர் என்போம். மருந்தும் உப்பும் கரைப்பானும் கலந்த கெட்டித் திரவம். முதலில் கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்க வேண்டும். பிறகு தண்ணீரை அடுக்கடுக்கான ஆவியாக்கிகளில் காய்ச்ச வேண்டும். கடைசியில் ஈர உப்பு மிஞ்சும், அதை அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இது முழுக்க நீராவி, அதாவது நிலக்கரி, அதாவது பணம். ஆவியாக்கியின் குழாயில் உப்பு படிந்து அடைத்தால் இரண்டு நாள் நிறுத்திச் சுரண்ட வேண்டும். அந்த இரண்டு நாளும் உற்பத்தி நிற்காது. கழிவுத் தொட்டி நிறைந்துகொண்டே வரும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மழைக்கால இரவு, ஷிப்ட் மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார். டேங்கர் ஒன்று விளக்கை அணைத்து வெளியே போனது. காலையில் திரும்பி வந்தபோது காலியாக இருந்தது. பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு 27 வயது, பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

அதனால்தான் எழுதி வைத்த வரம்பு வேண்டும் என்கிறேன். 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. ஆலைக் கழிவு நீரில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு உச்ச அளவு அதில் இருந்தது. அப்படி ஒரு பட்டியல் வருவதைப் பார்த்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த அளவுகள் நீக்கப்பட்டிருந்தன. ஆக, ஆலை வாசலில் அதிகாரி நீரைப் பிடித்தால் அமிலத்தன்மை பார்ப்பார், ஆக்சிஜன் தேவை பார்ப்பார். சிப்ரோ எவ்வளவு என்று பார்த்தாலும் அதை மீறல் என்று எழுத விதி இல்லை.

தொழில்_முனைவோன்

அந்த டேங்கர் விஷயம் வெட்கக்கேடு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒழுங்காகச் செய்யும் ஆலைக்கு விலையில் அடி விழுகிறதே, அதற்கு என்ன செய்வது? டெண்டரில் குறைந்த விலைதானே ஜெயிக்கிறது?

மருந்துக்கடை_சேலம்

இங்கேதான் நம் கையில் ஒன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் நம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்ததில் மற்ற மாநிலங்களே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அவர்களுடைய ஆன்டிபயாடிக் டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும். மூலப்பொருள் எந்த ஆலையில் இருந்து வருகிறது, அந்த ஆலையின் கழிவு நீரில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, அதற்குச் சுதந்திரமான லேப் அறிக்கை. அறிக்கை இருப்பவர்களுக்கு மதிப்பெண். அப்போது நல்ல ஆலைக்கும் அடி விழாது.

பழைய_கெமிஸ்ட்

சேலம், இது நடக்கக்கூடிய யோசனை. அளவு எவ்வளவு என்று நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வழிகாட்டியே கொடுத்துவிட்டது. மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் 2018இலேயே தனக்குத் தானே இலக்குகள் வெளியிட்டிருக்கிறது. நார்வே தன் மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும்போது சுற்றுச்சூழலுக்கும் மதிப்பெண் போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் போட்ட சட்டத்தில், சாக்கடையில் இருந்து இந்த நுண் மாசுகளை நீக்கும் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

மனுவை நான் எழுதுகிறேன். பரிசோதனைப் பகுதியைக் கல்ச்சர்_தட்டு பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

கல்ச்சர்_தட்டு

கண்டிப்பாக ஐயா. சென்னையில் 2012இல் மருத்துவர் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றி ஒரு பிரகடனம் போட்டார்கள், சென்னைப் பிரகடனம் என்றே பெயர். அது பெரும்பாலும் மருத்துவமனைக்கு உள்ளே செய்ய வேண்டியதைப் பற்றி. ஆலை வாசலையும் சேர்த்து எழுதினால் மனு முழுசாகும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை நீர் எடுக்க வேண்டும், குளிர்பெட்டியில் எத்தனை மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், அதை நான் எழுதித் தருகிறேன். முன்கூட்டியே சொல்லாமல் இரவிலும் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள்.

முசிறி_கரை

என் கையெழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் படித்துறையிலேயே சாக்கடை வந்து விழுகிறது, அதையும் ஒரு வரி எழுத முடியுமா?

உறையூர்_வாணி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பெண் தூங்கிய பிறகு தம்பியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து அட்டைகளை வெட்டினோம். மொத்தம் 71 அட்டை. டிரமடால் இல்லை. சிலதில் அப்பா பேனாவால் "காலை", "இரவு" என்று எழுதியிருந்தார். அந்த நான்கைந்து அட்டையில் மாத்திரையை எடுத்துவிட்டு வெறும் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பாதி தின்ற அந்த சிப்ரோவைப் பார்த்துத் தம்பி கேட்டான், அப்பா ஏன் நிறுத்தினார் என்று. காய்ச்சல் விட்டதும் போதும் என்று விட்டுவிட்டார், நானும் சரி என்றேன். இன்று காலை டப்பாவைத் தூய்மைப் பணியாளர் அக்கா கையில் கொடுத்தேன். தனியாக வைக்க வண்டியில் இடமில்லை என்றார். பேட்டரிகள் கிடக்கும் கோணியில் வைத்துக்கொண்டார்.

மனுவை அனுப்புங்கள் ஐயா. தெருவில் இருபது வீட்டிலாவது நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.